வால்வுக்குக் காத்துக் கருப்பு அடிச்சா? பழைய ரேடியோ கார்ட்டூன் வரையலாம் வாங்க

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் தாத்தாவின் வால்வு ரேடியோ கிடக்கிறது, டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்தில் கண்ணாடிக் குழல்களை வைத்து ஓடியது. பாடுவதை நிறுத்திப் பல வருஷம். ஆனால் என் கார்ட்டூன்களில் பாதி அதன் வயிற்றிலிருந்து வந்தவைதான். 2பி பென்சில், கறுப்பு ஜெல் பேனா, நாலு தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பார்ப்பது

பின்பக்க அட்டையைக் கழற்றினால் வால்வுகள் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அப்போதும் உள்ளே கை வேண்டாம். ஓடும்போது 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், நிறுத்திய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கண்டன்சரில் மிச்சம் நிற்கும். பயமென்றால் பழைய சாமான் கடையில் ஒற்றை வால்வு கேட்டு வாங்குங்கள்.

படி 2: உருவம்

சின்ன வால்வு, கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழல். உச்சியில் குடுமி மாதிரி கூம்பு. அடியில் ஊசிபோலக் கம்பிகள் (பின்) 7 அல்லது 9 இருக்கும். நாலைந்து வரைந்தால் போதும், அவைதான் கால். உள்ளே தெரியும் சாம்பல் நிறத் தகடு உடம்பு. கண்ணும் வாயும் கடைசியில். முகத்தை முதலில் வரைந்துவிட்டு "சிரிப்பே வரலையே" என்பவர்கள்தான் அதிகம். வால்வு செய்யும் வேலையில்தான் சிரிப்பு இருக்கிறது.

படி 3: சிரிப்பைத் தேடுவது

உச்சியின் உட்புறம் கண்ணாடிபோல மின்னும் பூச்சைப் பாருங்கள். அது பேரியம் என்ற உலோகம். வால்வுக்குள் காற்று இருக்கக் கூடாது, மிஞ்சிய வாயுவை உறிஞ்சத்தான் பூசியிருக்கிறார்கள். கண்ணாடி கீறிக் காற்று புகுந்தால் அந்த மினுமினுப்பு பால்போல வெளுத்துவிடும். வால்வின் கதை முடிந்தது. இதை அப்படியே இரண்டு வால்வு பேசுவதாகப் போட்டேன்:

"என்ன அண்ணாச்சி, காத்துக் கருப்பு அடிச்சிட்டோ?"

"கருப்பு எங்கல அடிச்சுது? காத்துதான் அடிச்சுது. தலை வெளுத்துட்டு!"

இன்னொன்று, சூடாகும் நேரம். உள்ளேயிருக்கும் இழை, கேத்தோடு என்ற நடுக்குழாயைச் சுடவைத்தால்தான் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், ரேடியோ பேசும். அதனால் சுவிட்ச் போட்டு அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இது தோதான விஷயம். 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சியிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. முதல் கட்டத்தில் அக்டோபர் 31 நாள்காட்டி, கடிகாரம் நள்ளிரவைத் தொடப்போகிறது, தாத்தா சுவிட்சைத் திருகுகிறார். இரண்டாம் கட்டத்தில் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, ரேடியோ கரகரக்கிறது. தாத்தா பாட்டியிடம்: "போட்டது திருவாங்கூர்ல, பேசுறது மெட்ராஸ்ல!"

வசனம் இதற்கு மேல் நீளக் கூடாது. அந்த நாள்காட்டியை மட்டும் பெரிதாக வரையுங்கள், தேதி கண்ணில் படாவிட்டால் யாருக்கும் புரியாது.

படி 4: மை

பேனாவால் மேலே இழுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ரப்பர். நான் அவசரப்பட்டதில் தாத்தாவின் மீசை இழுபட்டு, எல்லை தாண்டிக் கேரளத்துப் புனலூர் வரை போய்விட்டது.