பழைய மியாட்டாவுக்கு ஸ்பார்க் பிளக்: எது வாங்கணும், எப்படி மாத்தணும்

முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா, அதான் 1989 சிகாகோ ஆட்டோ ஷோல காட்டி 1997 வரைக்கும் வந்த, ஹெட்லைட் மேல எழும்புற வண்டி (ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர், மத்த ஊர்ல எம்எக்ஸ்-5, எல்லாம் ஒண்ணுதான்), அதுல பிளக் மாத்துறது ரொம்ப ஈசி. நாலு பிளக்கும் வால்வ் கவர் நடுவுல வரிசையா குழிக்குள்ள நிக்குது, மேலேர்ந்து நேரா கை வைக்கலாம். குழப்பமே கடைலதான், இரிடியம் பிளாட்டினம்னு மூணு நாலு மடங்கு விலைல அடுக்கி வச்சிருப்பாங்க, எதை எடுக்குறதுன்னே தெரியாது.

என்னைக் கேட்டா என்ஜிகே கம்பெனியோட சாதா பிளக் போதும். 1.6 இன்ஜினோ 1.8 இன்ஜினோ, ரெண்டுக்குமே பிகேஆர்5இ-11 இல்லன்னா பிகேஆர்6இ-11. அதுல 5, 6ங்கிறது ஹீட் ரேஞ்ச், என்ஜிகேல நம்பர் ஏற ஏற பிளக் கூல், அதாவது சூட்டை சீக்கிரமா இன்ஜின் ஹெட்டுக்கு (பிளக் மரை ஏறுற மேல் பாகம்) கடத்திவிடும். சும்மா ஊருக்குள்ள ஓட்டுறவங்க 5 போடுங்க, ஹைவேல மிதிச்சு ஓட்டுறவங்க, ட்ராக் டேக்கு போறவங்க 6 போடுங்க. கடைசில வர்ற 11ங்கிறது 1.1 மிமீ கேப், அதாவது முனைல பொறி தாண்டுற இடைவெளி, அதைக் கவனிக்காம வெறும் பிகேஆர்6இ வாங்கிட்டு வந்தீங்கன்னா கேப் கம்மியா இருக்கும். டென்சோ வாங்கினா நம்பர் வேற கணக்கு, அவங்க 16 என்ஜிகே 5க்கு சமம், 20 வந்து 6க்கு சமம். டர்போ மாட்டின வண்டின்னா இது எதுவும் செல்லாது, 7 போட்டு கேப்பையும் குறைக்கணும், டியூன் பண்ணவரையே கேட்டுக்கோங்க.

இரிடியம் போட்டா பவர் ஏறும்னு சொல்றதெல்லாம் சும்மா. எலக்ட்ரோட், அதான் பொறி வர்ற முனை, தேயாம ரொம்ப நாள் வரும், அவ்ளோதான் லாபம். பிளாட்டினம்தான் வேணும்னா டபுள் பிளாட்டினமா (ரெண்டு முனைலயும் பிளாட்டினம் வச்சது) பாத்து வாங்குங்க, ஏன்னா இந்த வண்டில டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, ஒரு காயில் ஒரே நேரத்துல ரெண்டு பிளக்குக்கு கரண்ட் அனுப்பும், 1ம் 4ம் சிலிண்டர் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி. ஜோடில ஒரு பிளக்ல பொறி நடுவுலேர்ந்து வெளிய பாயும், இன்னொண்ணுல வெளிய இருந்து நடுவுக்கு பாயும், அதனால ரெண்டு பக்கமும் தேயும், நடுவுல மட்டும் பிளாட்டினம் வச்ச பிளக் இதுக்கு தண்டம்.

மிச்சமாகுற காசை பிளக் வயர்ல போடுங்க. மியாட்டால ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா திக்குது, இழுக்க மாட்டேங்குது, மழைன்னா இன்னும் மோசம்னு வர்ற கம்ப்ளெயின்ட்ல நிறைய வயராலதான். ராத்திரி இருட்டுல பானெட்டைத் தொறந்து இன்ஜினை ஓடவிட்டு தொடாம பாருங்க, வயர் லீக் ஆச்சுன்னா நீலமா பொறி தெரியும்.

இப்ப மாத்துற வேலை. இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், ஹெட் அலுமினியம், சூட்டோட கழட்டினா மரை உரிஞ்சு வந்துடும், அப்புறம் செலவு எங்கயோ போயிடும். வயரை ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க, மொத்தமா பிடுங்கிப் போட்டீங்கன்னா எது எங்க போகும்னு மண்டையை உடைச்சுக்கணும் (ரேடியேட்டர் பக்கம் இருக்கறது 1, ஃபயரிங் ஆர்டர், அதான் பொறி வர்ற வரிசை, 1-3-4-2). பிடிச்சு இழுக்க வேண்டியது வயர் நுனில பிளக்கை மூடியிருக்கற ரப்பர் உறையை (பூட்), வயரை இல்ல, கொஞ்சம் திருகி அப்புறம் மேல தூக்குங்க.

பூட் வந்ததும் டார்ச் அடிச்சு குழிக்குள்ள பாருங்க, இது முக்கியம். மண்ணு தூசி இருந்தா கம்ப்ரஸர் காத்து அடிச்சு ஊதிடுங்க, பிளக்கை அரை சுத்து லூஸ் பண்ணிட்டு இன்னொரு தடவை ஊதினா இன்னும் நல்லது, இல்லன்னா அது அத்தனையும் சிலிண்டருக்குள்ள விழும். ஆயில் தேங்கி நிக்குதுன்னா வால்வ் கவர் கேஸ்கெட் போச்சு, துணியை விட்டு ஒத்தி எடுத்துட்டுதான் பிளக்கைத் தொடணும், கேஸ்கெட்டையும் மாத்தணும், இல்லாட்டி புது வயர் பூட்டும் ஆயில்ல ஊறி உப்பிடும்.

16 மிமீ பிளக் சாக்கெட், உள்ள ரப்பர் வச்சது, கூட ஒரு எக்ஸ்டென்ஷன். எடுத்த பிளக்கை சிலிண்டர் வரிசைப்படியே அடுக்கி வைங்க. முனை லேசான பழுப்புன்னா இன்ஜின் சுகமா இருக்கு, காஞ்ச கரின்னா பெட்ரோல் அதிகமா போகுது, ஈரமா எண்ணெய்ப்பசைன்னா உள்ள ஆயில் இறங்குது, வெள்ளையா வெளுத்து கொப்புளம் வச்சிருந்தா ஓவர் சூடு, அதை விட்டுட்டு ஓட்டாதீங்க.

புதுசுல கேப் 1.0லேர்ந்து 1.1 மிமீக்குள்ள இருக்கான்னு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) வச்சு பாத்துக்கோங்க, பெட்டில வரும்போதே சரியா இருக்கும்னு நம்பாதீங்க, வழில எங்கயாவது கீழ விழுந்திருக்கும். மாட்டும்போது ராட்செட் வேணாம், பிளக் தலைல ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் சொருகி கையாலயே சுத்துங்க, மரை தப்பா ஏறினா ஹோஸ் வழுக்கிடும், ஹெட் தப்பிச்சுக்கும். அடி வரைக்கும் கையால போனப்புறம் டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற அளவை, அதான் டார்க்கை, காட்டுற ஸ்பேனர்) 15லேர்ந்து 23 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் இல்லன்னா புது பிளக்குக்கு வாஷர் தொட்டதுலேர்ந்து அரை சுத்து, கொஞ்சம் கூட ஆனாலும் முக்கால் சுத்தை எட்ட வேணாம். மரை பிடிச்சுக்காம இருக்க ஆன்டி சீஸ்ங்கிற பேஸ்ட்டைத் தடவச் சொல்லுவாங்க, என்ஜிகே வேணாம்னுதான் சொல்றாங்க, மரைல ஏற்கெனவே பூச்சு இருக்கு, மேல வழவழன்னு தடவினா அதே டார்க்குக்கு ஓவரா இறுகிடும். பூட் உள்பக்கம் மட்டும் துளி டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) வைக்கலாம், அடுத்த தடவை ஒட்டிக்காம வரும்.

பூட்டை அமுக்கும்போது டக்னு உக்காருறது கைக்குத் தெரியணும். ஸ்டார்ட் பண்ணி ஐடில் நடுங்குச்சுன்னா முதல்ல அதைத்தான் திரும்ப அமுக்கிப் பாருங்க. சாதா பிளக்குக்கு 48,000 கிமீ வரைக்கும் கணக்கு, ஆனா இந்த மாதிரி பழைய வண்டியெல்லாம் வருஷத்துல பாதி நாள் ஷெட்லதான் நிக்குது, அதனால கிலோமீட்டரை எண்ணிட்டு இருக்காம அப்பப்ப ஒண்ணைக் கழட்டிப் பாருங்க.