கோழிப் பண்ணையில் ஈத் தொல்லை: மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில்

நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டுக்கு அடியில் எச்சம் மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும். ஈக்கு அதைவிட நல்ல பிறந்தவீடு கிடையாது. மருந்தடித்தால் பறக்கிற ஈ விழும். எருவுக்குள் இருக்கும் புழுவில் பெரும்பகுதி தப்பிவிடும். அந்த ஈயைத் தின்றுகொண்டிருந்த பூச்சிகள்தாம் கூடவே சாகும். அவை யார் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

1. பாட்டில் சோதனை

எருக்குவியலின் ஓரத்தில், சற்றுக் காய்ந்த இடத்தைக் கிளறுங்கள். நெல்மணியைவிடக் கொஞ்சம் குட்டையாக, காபிக்கொட்டை நிறத்தில் கிடப்பவை ஈயின் கூட்டுப்புழுக்கள். நாலைந்து இடங்களிலிருந்து நூறு பொறுக்கி, அகலவாய்ப் பாட்டிலில் போட்டு, வாயை மல்துணியால் கட்டி நிழலில் வையுங்கள்.

ஒரு வாரத்துக்குள் ஈக்கள் வெளிவந்துவிடும். உணவும் நீரும் இல்லாமல் சில நாளில் செத்தும் போகும். திறக்காத கூடுகளை மட்டும் இன்னொரு பாட்டிலுக்கு மாற்றி, மேலும் மூன்று வாரம் பொறுத்திருங்கள். சிறகு முளைத்த எறும்புபோல, 2 அல்லது 3 மில்லிமீட்டரில் கறுப்புக் குளவிகள் வரும். ஸ்பாலாஞ்சியா போன்ற இவை ஈயின் கூட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடுபவை. நம்மையும் கொட்டாது, கோழியையும் கொட்டாது.

காலிக் கூட்டைப் பார்த்தாலே யார் வந்தது என்று தெரியும். ஈ முனையை மூடிபோலத் தள்ளித் திறக்கும். குளவி சிறு வட்ட ஓட்டை போட்டு வரும். எதுவுமே வராத கூடுகளும் இருக்கும். அவற்றிலும் சில குளவியின் வேலைதான்: முட்டையிடாமல், குத்திச் சாற்றை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கும்.

2. எருவைக் காயவிடுங்கள்

கையுறை போட்டு ஒரு பிடி எருவைப் பிசைந்து பாருங்கள். உதிர வேண்டும். உருண்டை பிடித்தால் மேலே எங்கோ கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவது வீண். காய்ந்த எருவில்தான் ஈ முட்டையைத் தின்னும் சிற்றுண்ணிகளும், முட்டையோடு இளம் புழுவையும் தின்னும் பளபளப்பான சிறு கறுப்பு வண்டுகளும் பெருகும். அந்தச் சிற்றுண்ணி ஈயின் உடலிலேயே தொற்றிக்கொண்டு புது எருவுக்குப் பயணம் போகும். டிக்கெட் இல்லாப் பயணம்!

3. ஒரேயடியாக வழிக்காதீர்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு போகிக்கு முன் கொட்டகை முழுவதையும் தரை தெரிய வழித்தெடுத்தேன். மூன்றாவது வாரம் அடுத்த தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டுச் சோற்றுத்தட்டில் ஈ. காரணம் எளிது. வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். குளவிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். இருவரையும் ஒன்றாகத் துரத்தினால் முதலில் திரும்பி வருவது ஈதான்.

ஒரு வரிசையை எடுத்தால் அடுத்ததற்கு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். எடுக்கும் வரிசையிலும் அடியில் நான்கு விரற்கடை காய்ந்த எரு இருக்கட்டும்.

4. குளவியைக் குடியேற்றுங்கள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளவி ஏறிய கூடுகளைப் பையில் விற்கிறார்கள். நமக்குக் கைவசம் இருப்பது பாட்டில்தான். குளவி மிகுந்த மூலையில் பொறுக்கிய கூடுகளில் ஈ வெளிவந்தபின் மிஞ்சுவதை, ஆணியால் ஓட்டையிட்ட டப்பாவில் போட்டு, குளவி இல்லாத வரிசையில் எருவுக்கு அருகே தொங்கவிடுங்கள். கம்பியில் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். எறும்பு ஒரே இரவில் டப்பாவைக் காலி செய்துவிடும். குளவி வெகுதூரம் பறக்காது. ஆகவே ஒரு பெரிய டப்பாவைவிடப் பல சிறியவை மேல்.

5. இடைக்காலத்தில்

பலன் தெரிய ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை பறக்கும் ஈக்கு ஒட்டும் அட்டையும் வெல்லத் தண்ணீர்ப் பொறியும் போதும். மருந்து அடித்தே தீரவேண்டும் என்றால் ஈ உட்காரும் சுவரிலும் தூணிலும் அடியுங்கள். எருவின் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் பாட்டில் சோதனையை மறுபடி செய்து, ஓட்டை விழுந்த கூடுகளை எண்ணிக் குறித்துவையுங்கள்.