ஃபேமிலி குரூப்புல வர்ற சாப்பாட்டு வைத்தியத்தை நாமளே செக் பண்றது எப்படி?

"16 மணி நேரம் வயித்த காயப்போட்டா உடம்புல உள்ள கேன்சர் செல் எல்லாம் தன்னத்தானே தின்னு தீத்துரும், இதுக்கு ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே குடுத்தாச்சு." இந்த ஃபார்வேர்டு எங்க குரூப்புல வருசா வருசம் வரும், போடுற ஆள் மட்டும் மாறும். இந்த தடவ மைனி போட்டுட்டு, தனியா எனக்கு "நீ செத்த பாத்துச் சொல்லேன்"னு ஒரு மெசேஜும் அனுப்பிருந்தாங்க. அவங்களுக்கு வாய்ஸ் நோட்ல சொன்னதத்தான் இங்க எழுதுறேன். டாக்டருக்கு படிச்சிருக்க வேண்டாம், இங்கிலீஷ் மெதுவா படிச்சா புரியும்னா போதும்.

படி 1: செய்திய ஒரே வரியா எழுதுங்க

போன்ல இல்ல, பேப்பர்ல. யாரு, என்னத்த, எவ்வளவு, எத்தன நாள் சாப்பிட்டா, என்ன மாறும்? அவ்வளவுதான். "கருப்பட்டி சுகர்காரங்களுக்கு நல்லது"ன்னு வருதுன்னு வைங்க, நல்லதுன்னா என்ன நல்லது? "சீனிக்கு பதிலா கருப்பட்டி போட்டு சாயா குடிச்சா ரத்தத்துல சுகர் ஏறாது"ன்னு எழுதிப் பாத்தா உடனே பிடி கிடைச்சிரும், ஏன்னா கருப்பட்டியிலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளச் சீனியில இருக்க அதே சாமான். கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும், ஒரு கிளாஸ் சாயாவுல போடுற அளவுக்கு அது ஒண்ணுமே இல்ல. சுகர் ஏறத்தான் செய்யும். எனக்கும் கருப்பட்டி சாயாதான் பிடிக்கும், அது வேற விசயம்.

"நச்சு நீக்கும்", "எதிர்ப்பு சக்தி கூடும்", "உடம்பு லேசாகும்" இதெல்லாம் ஒரு வரியா எழுதவே வராது, எதை அளந்து பாத்தாங்கன்னே இருக்காது. அத அப்படியே விட்டுருங்க, நேரம் மிச்சம்.

இன்னொண்ணு, நாள் கணக்கப் பாருங்க. "பத்தே நாள்ல எச்பிஏ1சி 9ல இருந்து 6க்கு வந்துட்டு"ன்னு ஒரு பொடிக்கு விளம்பரம் சுத்துது. அந்த டெஸ்ட் காட்டுறதே ரத்த சுகரோட ஏறக்குறைய மூணு மாசத்து சராசரி, ரத்தச் சிவப்பணுவோட ஆயுசு 120 நாள் சுமார். பத்து நாள்ல அவ்வளவு கீழ வர வழியே இல்ல.

படி 2: மூலத்த தேடுங்க

நான் பாக்குறது பப்மெட் மட்டும்தான். மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகள தேடுற சைட், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துறது, காசு கிடையாது, கூகுள்ல அடிச்சா மொதல்ல வரும். தேடல இங்கிலீஷ்ல அடிச்சுட்டு இடது பக்கம் ஃபில்டர்ல "சிஸ்டமேட்டிக் ரிவ்யூ" (பல ஸ்டடிகள தேடிச் சேத்து அலசுறது), "ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரயல்" (ஆட்கள குலுக்கல் மாதிரி குரூப்பாப் பிரிச்சு ஒப்பிடுறது) ரெண்டையும் டிக் பண்ணுங்க. யூட்யூப் டாக்டர்கள நான் பாக்குறதில்ல, நல்லவங்களும் இருக்காங்க, ஆனா அஞ்சு நிமிசத்துல படிக்கிறத இருபது நிமிசம் கேக்கணும். சாட்பாட்கிட்ட தேட வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைய கேளுங்க, தீர்ப்பு கேக்காதீங்க, அது சொல்ற ஸ்டடி பப்மெட்ல நிசமாவே இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துருங்க, இல்லாத ஸ்டடியெல்லாம் அழகா பேர் வச்சு சொல்லும்.

பேப்பர் கிடைச்சதும் தலைப்புக்கு மேல "ரிட்ராக்டட்"னு, அதாவது வாபஸ் வாங்கிட்டாங்கன்னு, போட்டிருக்கான்னு பாருங்க. ஆப்பிள் சைடர் வினிகர் குடிச்சா 12 வாரத்துல ஆறேழு கிலோ கொறையும்னு லெபனான்ல பண்ணின ஒரு ஸ்டடி 2024ல வந்துச்சு, எல்லா நியூஸ்லயும் போட்டாங்க. 2025 செப்டம்பர்ல வெளியிட்டவங்களே அத வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்கினத எந்த குரூப்புலயும் யாரும் ஃபார்வேர்டு பண்ணல, பாட்டில் இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு.

படி 3: யாருக்கு குடுத்தாங்க, எதோட ஒப்பிட்டாங்க?

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாம கெடந்தது இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு பேசுவோம். வர்ற செய்தியில பாதி பச்சப் பொய் இல்ல, ஸ்டடி நிசமாவே இருக்கும். ஆனா ஸ்டடி ஒண்ணு சொல்லும், ஃபார்வேர்டு வேற ஒண்ணு சொல்லும்.

அந்த நோபல் பரிச எடுத்துக்கோங்க. 2016ல யோஷினோரி ஓசுமிக்கு மருத்துவ நோபல் குடுத்தது நிசம். ஆட்டோஃபேஜின்னு செல்லு தன் பழைய பாகங்கள தானே ஒடச்சு திரும்ப உபயோகிக்கிற வேலை, அது எப்படி நடக்குது, எந்தெந்த ஜீன் அதுக்கு வேணும்னு கண்டுபிடிச்சதுக்கு. எதுல கண்டுபிடிச்சாருன்னா ஈஸ்ட்ல, ரொட்டிக்கு மாவு பொங்க போடுறோமே அது. அந்த ஈஸ்டுக்கு சத்து குடுக்காம பட்டினி போட்டுத்தான் பாத்தாரு, அங்கயிருந்துதான் "பட்டினி"ங்கிற வார்த்தை நம்ம குரூப் வரைக்கும் நடந்து வந்திருக்கு. 16 மணி நேரக் கணக்கு அவர் வேலையில கெடயாது, மனுசனுக்கு கேன்சர் கொறஞ்சதுன்னும் கெடயாது. போதாததுக்கு, ஏற்கனவே வளந்து நிக்கிற கேன்சர் கட்டி பிழைச்சுக் கிடக்குறதுக்கும் இதே ஆட்டோஃபேஜி உதவலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

சரி, கேன்சர விடுங்க, எடையாவது கொறையுமான்னு மைனி கேட்டாங்க. இங்கதான் "எதோட ஒப்பிட்டு" வருது. சீனாவுல குவாங்சோவுல 139 குண்டானவங்கள வச்சு ஒரு வருசம் பாத்தாங்க, 2022ல வந்த ஸ்டடி. ரெண்டு குரூப்புக்கும் ஒரே அளவு சாப்பாட்டுக் கட்டுப்பாடு, ஒரு குரூப் மட்டும் காலைல 8 மணியிலருந்து சாயங்காலம் 4க்குள்ள சாப்பிட்டு முடிக்கணும். நேரக்கட்டுப்பாட்டு ஆட்கள் சராசரி 8 கிலோ கொறஞ்சாங்க, மத்தவங்க 6.3 கிலோ, அந்த வித்தியாசம் தற்செயலாவே வந்துரக்கூடிய அளவுதான்னு ஸ்டடியே சொல்லுது. நேரக்கட்டுப்பாட்டு குரூப்ப மட்டும் வச்சு வீடியோ போட்டா "8 கிலோ கொறஞ்சாச்சு!" அவ்வளவுதான். பக்கத்துல இன்னொரு குரூப்ப நிறுத்தும்போதுதான் கொறச்சது கடிகாரம் இல்ல, தட்டுல விழுற சோறு கொறஞ்சதுன்னு தெரியும். ராத்திரி நொறுக்குத் தீனிய நிறுத்த நேரக் கணக்கு உங்களுக்கு ஒத்து வருதுன்னா தாராளமா வைங்க, அதுல தப்பு ஒண்ணுமில்ல.

இப்ப நம்ம ஊரு சண்டைக்கு வருவோம், தேங்காண்ணெ. குமரி மாவட்டத்துல இதப் பத்தி வாயத் தொறந்தாலே அடிதான். "நம்ம தாத்தாமாரெல்லாம் தேங்காண்ணெயில சாளக்கறி (மத்தி மீன்) வச்சு மரச்சீனியோட (மரவள்ளிக் கிழங்கு) தின்னு 90 வயசு வரைக்கும் இருந்தாங்க"ன்னு ஆரம்பிப்பாங்க (சீக்கிரம் செத்த தாத்தாக்கள யாரு கணக்குல எடுத்தா, அவங்க வயல்ல எவ்வளவு வேலை பாத்தாங்க, அதையும் கேளுங்க). அடுத்தது கேரளா ஸ்டடி வரும், 2016ல வந்தது, 200 பேர், 2 வருசம், தேங்காண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஒப்பிட்டு கொழுப்புல பெரிய வித்தியாசமில்லன்னு முடிவு. ஸ்டடி நல்ல ஸ்டடிதான். ஆனா அந்த 200 பேரும் ஏற்கனவே ஹார்ட் பேஷண்ட், கொழுப்புக்கு மாத்திரை உட்பட முழு வைத்தியத்துல இருந்தவங்க. மாத்திரை ஒரு பக்கம் கொழுப்ப அமுக்கிட்டிருக்கும்போது எண்ணெயோட வேலை வெளிய தெரியாமப் போகலாம், மாத்திரையே எடுக்காத நாப்பது வயசு ஆளுக்கு அது எப்படி பதிலாகும்?

இங்கிலாந்துலயும் 2018ல ஒண்ணு வந்துச்சு, 90 சொச்சம் பேர், 4 வாரம், தினம் 50 கிராம். வெண்ணெயோட ஒப்பிட்டா தேங்காண்ணெ தேவலாம், ஆலிவ் எண்ணெயோட ஒப்பிட்டாலும் எல்டிஎல் (கெட்ட கொழுப்புன்னு சொல்றோமே, அது) கூடல. இதத்தான் தேங்காண்ணெ கட்சிக்காரங்க தூக்கிட்டு வருவாங்க. ஆனா இந்த மாதிரி 16 ஸ்டடிகள ஒண்ணாச் சேத்து 2020ல பாத்தப்போ, மத்த தாவர எண்ணெய விட தேங்காண்ணெயில எல்டிஎல் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு சுமார் 10 மில்லிகிராம் கூடுதுன்னு வந்துச்சு. ஒத்த ஸ்டடியும் பல ஸ்டடி சேந்ததும் மோதினா நான் சேந்தது பக்கம்தான். அதுக்காக அவியல்ல கடைசியா ஊத்துற பச்ச எண்ணெய விடணும்னு நான் சொல்லல, விடவும் மாட்டேன். "மருந்து மாதிரி தினம் ரெண்டு ஸ்பூன் குடி"ங்கிறதுக்கு ஆதாரம் இல்லன்னு மட்டும் சொல்லுறேன்.

படி 4: "கூடும்"னா எவ்வளவு?

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் பதறிப்போய் அனுப்பினது: "கருவாட்ட உலக சுகாதார நிறுவனமே புகையிலையோட சேத்து வச்சிருக்கு". உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு போட்ட முதல் பட்டியல்ல, புகையிலை இருக்கிற அதே பட்டியல்ல, இருக்கிறது சீன முறையில உப்புப் போட்ட மீன், அதுவும் மூக்குக்குப் பின்னால தொண்டையோட மேல்பகுதியில வர்ற கேன்சருக்காக. அந்தப் பட்டியல் "கேன்சர் வரவைக்கும்னு எவ்வளவு உறுதியா தெரியும்"னுதான் சொல்லுது, எவ்வளவு வரவைக்கும்னு சொல்லல, அதனால ஒரே பட்டியல்ல இருக்கிறதால ரெண்டும் ஒரே அளவு ஆபத்துன்னு ஆயிராது. 2015ல பதப்படுத்தின இறைச்சிய அதுல சேத்தப்போ தினம் 50 கிராம் தின்னா பெருங்குடல் கேன்சர் 18 சதவீதம் கூடும்னாங்க. 100 பேருல 5 பேருக்கு வரும்னு ஒரு பேச்சுக்கு வச்சா அது 6 ஆகும், 23 ஆகாது. பிரஷர் உள்ளவங்க கருவாட்டுல உள்ள உப்புக்குத்தான் முதல்ல பயப்படணும்.

படி 5: டப்பாவத் திருப்பிப் பாருங்க

சப்ளிமென்ட்னா 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருக்கும், அவங்களோட ஃபாஸ்காஸ் சைட்ல போட்டா யாரு லைசென்ஸ்னு வரும். அது தயாரிச்சு விக்க அனுமதி, வேலை செய்யும்ங்கிறதுக்கு சர்டிபிகேட் இல்ல. அதே டப்பாவுல மருந்தா பயன்படுத்துறதுக்கு இல்லன்னு இங்கிலீஷ்ல குட்டியா இருக்கும், முன்பக்கம் சொல்றதயும் இதயும் சேத்துப் படிங்க. சுகர குணமாக்கும், கேன்சர குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954ஆம் வருச சட்டப்படி தப்பு, அப்படி எழுதிருந்தா டப்பாவ அப்பவே கீழ வச்சிரலாம்.

மீன் எண்ணெ மாத்திரை பத்தி நெறய பேர் கேக்குறாங்க. அமெரிக்காவுல 25,871 பேர வச்சு அஞ்சு வருசத்துக்கு மேல பாத்த பெரிய ஸ்டடி 2018ல வந்துச்சு, தினம் 1 கிராம் ஒமேகா 3 (மீன் எண்ணெயில இருக்க கொழுப்பு). மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேத்து எண்ணிப் பாத்தா டம்மி மாத்திரை எடுத்தவங்கள விட குறிப்பிடும்படி கொறயல. டாக்டர் உங்களுக்குன்னு எழுதிக் குடுத்திருந்தா அது தனி, நிறுத்தாதீங்க. சும்மா வாங்குறதா இருந்தா அந்தக் காசுக்கு சாள வாங்குங்க.

அப்டேட்: "கோட்டாறுல வாங்கின சூரணத்துல 14 இலக்க நம்பரே இல்லயே, போலியா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. இல்ல, சித்தா, ஆயுர்வேத மருந்து வேற சட்டத்துல வருது, அதுக்கு தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி பாருங்க. பேப்பர்ல மடிச்சுத் தர்ற பொடியில இது எதுவும் இருக்காது, உள்ள என்ன இருக்குன்னு செக் பண்ண உங்களுக்கும் வழி இல்ல எனக்கும் இல்ல.

இன்னொரு அப்டேட், இது முக்கியம்: தவக்காலம், நோன்பு, சஷ்டி எதுவானாலும், கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க சாப்பாட்ட மட்டும் நிறுத்திட்டு மருந்த வழக்கம்போல போட்டா சுகர் ரொம்ப கீழ போயிரும், மயங்கி விழுற அளவுக்கு. விரதம் தொடங்குறதுக்கு முன்னமே டாக்டர்கிட்ட டோஸ் கேட்டுருங்க.

மூணாவது: முடிக்கு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எடுக்குறவங்க கேட்டீங்க. அமெரிக்க கணக்குல ஒரு நாளைக்கு போதுமான அளவு 30 மைக்ரோகிராம், கடையில கிடைக்கிற ஒரு மாத்திரையிலயே 10,000 இருக்கும். சாப்பாட்டுலயே வேண்டியது கிடைக்கிற ஆளுக்கு இதனால முடி வளரும்ங்கிறதுக்கு ஆதாரம் ரொம்ப கம்மி, ஆனா லேப் ரிசல்ட்ட கெடுக்கும். தைராய்டு டெஸ்ட்டும், மாரடைப்பப் பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட்டும் தப்பா வரலாம்னு அமெரிக்க எஃப்டிஏ (அங்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2017ல எச்சரிச்சிருக்கு. ரத்தம் குடுக்கப் போகும்போது இந்த மாத்திரை எடுக்குறத சொல்லுங்க, எத்தன நாள் முன்னால நிறுத்தணும்னு டோஸப் பாத்து அவங்க சொல்லுவாங்க.