பாகூருக்குப் பணம் அனுப்பும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு வந்த ஆறாவது மாதத்தில் நம்மவர்களுக்கு ஒரு வேகம் வரும். கையில் சம்பளம் புரளும், ஊரில் ஒழுகுகிற கூரை கண்ணிலேயே நிற்கும். நாலு பேர் சேர்ந்து சங்கம் தொடங்கி, மானியம் வாங்கி, ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குடும்ப வருமானத்தைப் பார்த்து க்ரூஸ் என்ற மாணவர் நல அரசு அமைப்பு கொடுக்கும் உதவித்தொகை, விசாவில் வந்து இறங்கிய இந்திய மாணவருக்குக் கிடைக்காது. இங்கே இரண்டு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும், குடும்பத்தின் வரிக் கணக்கும் அதே அளவு காலம் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்திய மாணவர்களுக்குப் பிரெஞ்சு அரசு தரும் சார்பாக் உதவித்தொகைக்கு இந்தியாவில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். பிரெஞ்சு அரசின் இன்னொரு உதவித்தொகையான ஈபெலுக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது, சேர்கிற கல்லூரிதான் உங்கள் பெயரை அனுப்பும். அதனால் சேர்க்கைக்கு எழுதுகிற முதல் மின்னஞ்சலிலேயே அதைக் கேட்டுவிடுங்கள். 'வந்து பார்த்துக்கலாம்' என்று கிளம்பி வந்த மூன்று பையன்கள் என் வீட்டு சோபாவில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள்.

சங்கம் தொடங்குவது இங்கே சுலபம். 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் போதும். விதிமுறை எழுதி பிரெபெக்சர் என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தில் பதிந்தால் அரசிதழில் வந்துவிடும். அப்புறம் வங்கிக் கணக்கு, சிரே என்கிற பதிவு எண். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், மானியம் கேட்க செர்ஃபா 12156 என்ற அரசுப் படிவம். மேரி என்றதும் நமக்கு 2014 மழையில் இடிந்து விழுந்த கடற்கரைச் சாலைக் கட்டடம்தான் ஞாபகம் வரும். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு. சரி, இதெல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். ஒன்று மட்டும்: மேரி கொடுக்கிற காசு பெரும்பாலும் அந்த ஊர் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று கேட்பார்கள். புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் பிள்ளைகளுக்கு என்று எழுதினால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

இனி வினைக்கு வருகிறேன். பாகூர் ஏரிப் பக்கம் என் பள்ளித் தோழன் ஒருவன் சின்னதாக ஒரு டிரஸ்ட் வைத்து மாலை வகுப்பு நடத்துகிறான். ஒரு கொட்டகை, ஒரு பலகை, கூரையில் ஓட்டையை மறைக்க நீலத் தார்ப்பாய். நாங்கள் பொங்கல் விழாவில் உண்டியல் வைத்தோம், சமோசா விற்றோம், 3,800 யூரோ சேர்ந்தது. டிரஸ்டின் கணக்கு எண்ணை வாங்கி ஒரே தட்டில் அனுப்பிவிட்டோம். பெருமையாகப் புகைப்படம் வேறு.

பத்தாம் நாள் தோழன் போனில் அழைத்தான். குரலே சரியில்லை. வங்கியில் 'எஃப்சிஆர்ஏ எண் என்ன' என்று கேட்கிறார்களாம். அவனுக்கு அந்தப் பெயரே புதிது. எனக்கும்தான்.

எஃப்சிஆர்ஏ என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. இந்தியாவில் ஒரு டிரஸ்ட் வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டுமானால் உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிய மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் மட்டும்தான். எங்கள் தோழனின் டிரஸ்டுக்கு வயது இரண்டு. பணம் திரும்பி வந்தது, வங்கிக் கட்டணம் போக.

அப்போதுதான் என் தாய்மாமாவுக்கு ஒரு யோசனை. மாமா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு முத்தியால்பேட்டையில் உட்கார்ந்திருப்பவர். "நீ எதுக்குப்பா பாரீசுலேருந்து அனுப்புற? என் கணக்குலேயே ரூபா இருக்கு. நான் எடுத்து இங்கேயே குடுக்குறேன். யார் கேப்பான்?"

நல்ல வேளை, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டோம். மாடியில் ஒரு சின்ன அறை, மின்விசிறி சத்தம், நான் வீடியோ அழைப்பில். ஆடிட்டர் சிரித்துக்கொண்டே, "மாமா, உங்க பாஸ்போர்ட் என்ன நிறம்?" என்றார். மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். கருஞ்சிவப்பு. "அப்ப நீங்க வெளிநாட்டு மூலம். ரூபாயாக் குடுத்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான்." மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இந்தத் தெருவுலேயே பொறந்தவன்!" வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையைக் காட்டினார். அந்த அட்டைக்காரர்களும் இதில் வெளிநாட்டவர்தான்.

இதுதான் நம் புதுச்சேரிக்காரர்களுக்கென்றே வெட்டி வைத்த குழி. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியக் குடிமகன், தம்பி பிரெஞ்சுக் குடிமகன் என்று இருப்போம். சட்டத்துக்கு அண்ணன் உள்ளூர், தம்பி வெளியூர். தம்பி கொடுத்த காசை அண்ணன் வாங்கி டிரஸ்டில் போட்டாலும் தப்பாது. எத்தனை கை மாறினாலும் அது வெளிநாட்டு நன்கொடையாகவே கணக்காகும் என்று சட்டத்தில் விளக்கமே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்றால், இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உண்டியல் காசைத் தன் பெயரில் அனுப்பக் கூடாது, அது சொந்தச் சேமிப்பு இல்லை. சங்கத்தின் பணம் போக வேண்டுமென்றால் ஏற்கெனவே பதிவுள்ள அமைப்பைத் தேடுங்கள், அதன் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலையை அந்த அமைப்பே செய்ய வேண்டும், வாங்கி இன்னொரு டிரஸ்டுக்குக் கைமாற்றுவதை 2020லேயே தடுத்துவிட்டார்கள். அதுவும் இல்லையா, இன்னாரிடமிருந்து இவ்வளவு, இன்ன காரியத்துக்கு என்று எழுதி எஃப்சி-3பி படிவத்தில் முன் அனுமதி கேட்க வேண்டும். தோழன் அதற்குத்தான் காகிதம் திரட்டிக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வந்த பணத்தில் பாரீஸ் பக்கத்துச் சார்செலில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கினோம். அதற்கு மேரி மறுபேச்சு பேசாமல் அறை கொடுத்தது. என் மகள் 'ழ' எழுதுகிறாள், சுழி மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. நீலப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நாங்கள் மூன்று பேர் மாதாமாதம் எங்கள் சம்பளத்திலிருந்து பாகூருக்கு நோட்டுப் புத்தகக் காசு அனுப்புகிறோம்.

மாமா இன்னும் ஆறவில்லை. "காசுதானே வாங்கக் கூடாது?" என்று சொல்லி, தினமும் சாயந்திரம் மொபெட்டில் பாகூர் போய்ப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். போன வாரம் வீடியோவில் ஒன்பது பிள்ளைகள் 'போன்ழூர் முசியே' என்று கத்தினார்கள். பின்னால் அந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.