ஜூஜூவாடியில் லோடு நிற்காமல் இருக்க: ஓசூர் எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில் வழிகாட்டி

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு லோடு அனுப்புகிறவர்கள் பலர் அதை உள்ளூர் ஓட்டமாகவே நினைக்கிறார்கள். தூரம் கம்மிதான். ஆனால் தமிழ்நாட்டு எல்லையான ஜூஜூவாடியைத் தாண்டினால் சட்டப்படி அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்களே, யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட வேண்டாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் வரித் துறையின் பறக்கும் படை வண்டியை மறிக்கலாம். நேர்மையாகப் பில் போட்ட லோடுகூட ஒரு நம்பர் மாறியதால் ராத்திரி முழுக்க ரோட்டோரம் கிடக்கும். வண்டி கிளம்பும் முன் கம்பெனி கேட்டிலேயே பத்து நிமிடம் செலவழித்தால் அது வராது.

எல்லை தாண்டினால் கணக்கு மாறும்

இ-வே பில் என்பது சரக்கு கிளம்பும் முன் அரசின் இணைய போர்ட்டலில் போடும் மின்னணுச் சீட்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரையுள்ள சரக்குக்கு அது வேண்டாம். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு 80,000 ரூபாய் சரக்கு வெறும் இன்வாய்ஸோடு போகலாம். அதே சரக்கு பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி போனால் வரம்பு 50,000 ரூபாய்தான். இந்த மதிப்பு வரியையும் சேர்த்தது. 45,000 ரூபாய் பொருளுக்கு 18 சதவீத வரி போட்டால் 53,100 ஆகிவிடும், பில் கட்டாயம்.

ஓசூர் பட்டறைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஜாப் ஒர்க், அதாவது நம் பொருளை வேறு பட்டறைக்கு அனுப்பி வேலை செய்து வாங்குவது. பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் கிரைண்டிங்குக்கும் பெங்களூருக்குப் பாகங்களை அனுப்பும்போது 50,000 வரம்பே கிடையாது. சின்ன யானையில் நாலு டிரே போனாலும், மதிப்பு 3,000 ரூபாய்தான் என்றாலும், வேறு மாநில ஜாப் ஒர்க்கருக்குப் போனால் இ-வே பில் போட்டே ஆக வேண்டும். விற்பனை இல்லை என்பதால் இன்வாய்ஸுக்குப் பதில் டெலிவரி சலான், மூன்று பிரதி: ஒன்று சரக்கைப் பெறுபவருக்கு, ஒன்று வண்டியோடு, ஒன்று உங்கள் ஃபைலுக்கு. வேலை முடிந்த பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். திரும்பும் வண்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். போகும்போது போட்ட பில் வருவதற்குச் செல்லாது. திரும்பும் லோடுக்கும் தனியாகப் போட்டுவிடுங்கள். ஜாப் ஒர்க்கர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் அவரே போடலாம்.

ராயக்கோட்டை தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. புதுக் காய், பழத்துக்கு வரியும் இல்லை, இ-வே பில்லும் இல்லை. மண்டி ரசீது போதும். மாங்கூழ் அப்படியில்லை. டின்னில் அடைத்துவிட்டால் அது வரி உள்ள சரக்கு.

பில் போடும்போது

பார்ட் ஏ என்பது சரக்கு விவரம். அதில் பார்க்க வேண்டியது மூன்றே மூன்று. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் கர்நாடகம் என்றால் 29-ல் தொடங்கும், நம்முடையது 33. மாநிலம் தாண்டும் விற்பனைக்கு ஒரே வரியாக ஐ.ஜி.எஸ்.டி.தான் வர வேண்டும், பழக்கத்தில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று மத்திய, மாநில வரியாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். பின்கோடு சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் போர்ட்டல் தூரத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அத்திப்பள்ளி 562107, ஓசூர் சிப்காட் 635126.

பார்ட் பி என்பது வண்டி நம்பர். அது இல்லாத பில்லோடு எல்லை தாண்டுவது பில்லே இல்லாமல் போவதற்குச் சமம். நம்பரை போனில் கேட்டு அடிக்காதீர்கள். டிரைவர் ‘பி’ என்பார், ஆபீஸில் ‘டி’ என்று விழும். நம்பர் பிளேட்டை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்து அடியுங்கள்.

200 கிலோமீட்டர் வரை பில் ஒரு நாள் செல்லும். 10-ம் தேதி சாயந்திரம் 6 மணிக்குப் போட்ட பில் 11-ம் தேதி இரவு 12 மணி வரை உயிரோடு இருக்கும். ஓசூர்–பெங்களூர் ஓட்டத்துக்கு இது தாராளம். சனிக்கிழமை மாலை போட்டு, ஞாயிறு கம்பெனி மூடியிருந்து, திங்கள் காலை லோடு இறக்கலாம் என்று வண்டியை வெளியே நிறுத்தினால்தான் காலாவதி ஆகும்.

வண்டி நடுவழியில் நின்றால்

முதலில் வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, பின்னால் முக்கோணப் பலகை வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. மாற்று வண்டி வந்ததும் லோடை மாற்றலாம், ஆனால் அது ஒரு அடி நகரும் முன் பார்ட் பி-யில் புது நம்பர் ஏற வேண்டும். செல்லுபடி இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கட்டணம் கிடையாது. ஒரு லோடு இரண்டு சின்ன வண்டியாகப் பிரிந்தால் ‘மல்டி வெஹிக்கிள்’ முறையில் இரண்டு நம்பரையும் ஏற்றுங்கள்.

இங்கேதான் ஓ.டி.பி. காலை வாரும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் போர்ட்டலில் நுழைய ஓ.டி.பி. தேவை. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி நின்றால், ஓ.டி.பி. வரும் போன் முதலாளியின் தலைமாட்டில் சைலன்ட்டில் கிடக்கும். லோடைக் கவனிக்கும் சூப்பர்வைசருக்கு உங்கள் போர்ட்டல் கணக்குக்குக் கீழே தனி சப்-யூசர் கணக்கு உருவாக்கி, அவருடைய நம்பருக்கே ஓ.டி.பி. வரும்படி செய்துவிடுங்கள். எங்கள் கருத்தில் இந்த ஒரு ஏற்பாடுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவசரத்தில் கை கொடுக்கும்.

காவிரிப் பிரச்சினையில் பந்த் வந்து, 2023 செப்டம்பர் 29-ம் தேதி போல எல்லை முடங்கினால், பில்லை நீட்டிக்க வழி உண்டு. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பும் 8 மணி நேரம் பின்பும்தான் அந்த வாய்ப்பு. மேலே சொன்ன பில்லுக்கு 11-ம் தேதி மாலை 4 மணி முதல் 12-ம் தேதி காலை 8 மணி வரை. காரணமாகச் சட்டம் ஒழுங்கைத் தேர்ந்தெடுத்து, வண்டி நிற்கும் இடத்தின் பின்கோடைப் போடுங்கள். டிரான்ஸ்போர்ட்டரின் ஐ.டி. பில்லில் இருந்தால் அவர்தான் நீட்டிக்க முடியும், அவரை எழுப்புங்கள்.

மறித்துவிட்டால்

அதிகாரி டிரைவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்குவார், அது எம்.ஓ.வி-01 படிவம். படித்துப் பார்க்காமல், அல்லது யாராவது படித்துச் சொல்லாமல், கையெழுத்துப் போட வேண்டாம் என்று டிரைவருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

சின்னப் பிழைக்கு வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது. 2018 செப்டம்பர் 14-ம் தேதியிட்ட 64-ம் எண் மத்திய சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப் பிழை, வண்டி நம்பரிலோ இன்வாய்ஸ் நம்பரிலோ ஒன்றிரண்டு இலக்கம் மாறியது போன்றவற்றுக்கு, மாநிலம் தாண்டும் சரக்கென்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு முடிய வேண்டும். இந்தச் சுற்றறிக்கையை பிரிண்ட் எடுத்து டேஷ்போர்டில் வையுங்கள், மரியாதையாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லே இல்லை, பார்ட் பி காலி என்றால் கதை வேறு: ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ம் பிரிவில் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். எதுவானாலும் கையில் பணம் கொடுக்காமல் போர்ட்டலில் கட்டி ரசீது வாங்குங்கள்.

30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் டிரான்ஸ்போர்ட்டர் போர்ட்டலில் இ.டபிள்யூ.பி-04 படிவத்தில் அதைப் பதியலாம். அபராத நோட்டீஸ், வண்டியைப் பிடித்த நாளிலிருந்து 7 நாளுக்குள் வர வேண்டும். சோதனை முடிந்து விட்டுவிட்டால் சோதனை அறிக்கையின் நகலை வண்டியிலேயே வைத்திருங்கள். ஒரு தடவை லோடைச் சோதித்த பிறகு, வரி ஏய்ப்பு என்று குறிப்பான தகவல் வந்தாலொழிய, அதே பயணத்தில் கர்நாடகப் பக்கமும் மறுபடி அவிழ்த்துப் பார்க்கக் கூடாது.