ஏஐ ஏஜென்ட்டுகள் பண்ணைத் தரவைப் படிக்க உதவும் டூல்களுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

மண் ஈரம், மழை அளவு, விதைத்த தேதி, அடித்த மருந்து, அறுவடை என்று ஒரு பண்ணையின் மென்பொருளில் எவ்வளவோ சேர்ந்திருக்கும். ஏஐ ஏஜென்ட் (கேட்டதைப் புரிந்துகொண்டு தானே வேலை செய்யும் ஏஐ மென்பொருள்) ஒன்று இதைத் தானாக எடுத்துப் பார்த்துப் பதில் சொல்ல, நடுவில் சில டூல்கள், அதாவது அது கூப்பிடக்கூடிய சிறு நிரல்கள், தேவை. ஆந்த்ராபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற பொது நெறிமுறை, ஏஜென்ட்டுகளை இப்படி டூல்களோடு இணைக்கவே இருக்கிறது. அதில் ஒவ்வொரு டூலின் பெயரும், விளக்கமும், உள்ளீடுகளின் அமைப்பும் ஏஜென்ட்டின் கைக்குப் போகும். அது உங்கள் நிரலைத் திறந்து பார்க்காது, வயலையும் பார்த்ததில்லை. எந்த டூலைக் கூப்பிடுவது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிய வரிகளை வைத்துத்தான் முடிவு செய்யும். நிரலுக்குக் கொடுக்கும் கவனத்தை இந்த வரிகளுக்கும் கொடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

படிக்க வசதியாக டூல் பெயர்களை இங்கே தமிழில் தருகிறேன்.

படி 1: கேள்விகளை முதலில் எழுதுங்கள்

விவசாயி என்ன கேட்பார்? "வடக்கு வயலுக்கு இன்று தண்ணீர் விடணுமா?" "இதில் கடைசியாக எப்போது மருந்து அடித்தோம், அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் பொறுக்கணும்?" இப்படி ஒரு பத்து கேள்வி போதும். இருக்கிற ஏபிஐ (ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள் தரவு கேட்கும் வழி) ஒவ்வொன்றையும் அப்படியே ஒரு டூலாக்கிவிடுவது சுலபம்தான். ஆனால் மருந்து பற்றிய அந்த ஒரு கேள்விக்கு ஏஜென்ட் நாலைந்து டூல்களைக் கூப்பிட வேண்டிவரும், வழியில் எங்காவது தடுமாறும். மருந்தின் பெயர், அடித்த தேதி, அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துத் தரும் ஒரே டூல் எவ்வளவோ மேல்.

படி 2: ஒரு டூலை முழுதாக விளக்குங்கள்

"சென்சார் தரவைத் தரும்" என்று ஒரே வரியில் முடித்தால் யாருக்கும் பயனில்லை. மண்_ஈரம்_எடு என்ற டூலுக்கு நான் இப்படி எழுதுவேன்:

> ஒரு வயலில் உள்ள மண் ஈர சென்சார்களின் கடைசி அளவீட்டைத் தரும். மண்ணின் மொத்தக் கன அளவில் தண்ணீர் எத்தனை சதவீதம் என்பதே அளவு. எண் கூடினால் ஈரம் அதிகம். ஒவ்வொரு அளவீட்டுடனும் ஆழம் சென்டிமீட்டரில், அளந்த நேரம், சென்சாரின் நிலை ஆகியவை வரும். பழைய அளவீடுகளுக்கு மண்_ஈர_வரலாறு டூலைப் பயன்படுத்தவும். மழை முன்னறிவிப்பு இதில் கிடைக்காது.

"எண் கூடினால் ஈரம் அதிகம்" என்று எதற்குச் சொல்ல வேண்டும்? டென்சியோமீட்டர் வகைச் சென்சார்கள் கிலோபாஸ்கலில் அளக்கும். மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது அந்த அளவு, அதனால் அங்கே எண் கூடினால் மண் காய்கிறது என்று பொருள். அலகும் திசையும் எழுதாவிட்டால், 60 என்ற எண்ணைப் பார்த்து ஏஜென்ட் நேர்மாறான ஆலோசனை சொல்லிவிடும்.

சதவீதம் மட்டும் இருந்தாலும் போதாது. மணற்பாங்கான மண்ணில் 25 சதவீதம் என்றால் தண்ணீர் தாராளம். கனமான களிமண்ணில் அதே 25 இருக்கும்போது பயிர் வாடிக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்த வயலின் மண் தண்ணீர் வடிந்தபின் பிடித்து வைக்கும் அளவையும், பயிர் மீளாமல் வாடும் அளவையும் டூல் தரும் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள். எது எது என்று விளக்கத்திலும் எழுதுங்கள்.

படி 3: நேரமும் இடமும்

நேரத்தை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தேதி-நேர வடிவில், நேர மண்டலத்தோடு கொடுங்கள். வயல் எல்லையை ஜியோஜேசானில் (வரைபடத் தரவை எழுதும் ஒரு கோப்பு வடிவம்) கொடுத்தால் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பரப்பு ஏக்கரா ஹெக்டேரா என்பதும் முக்கியம். ஒரு ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர், உரக் கணக்கில் இது மாறினால் பயிர் தாங்காது.

படி 4: இல்லாத தரவைப் பற்றிச் சொல்லுங்கள்

தொடக்கத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். மழைமானியின் வாயில் இலை அடைத்திருந்தால் அது 0 காட்டும். பேட்டரி தீர்ந்த சென்சாருக்கும் சில கருவிகள் 0 அனுப்பும். ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அது மழையே இல்லாத நாள், காய்ந்த வயல். அளவீடு இல்லையென்றால் வெற்று மதிப்பை அனுப்புங்கள். "வெற்று என்றால் அளவீடு வரவில்லை, 0 என்று கொள்ளக் கூடாது" என்று எழுதுங்கள். எத்தனை மணி நேரத்துக்கு மேல் பழைய அளவீட்டை நம்பக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

படி 5: படிப்பது வேறு, செய்வது வேறு

வால்வைத் திறக்கும் டூலை, படிக்க மட்டுமான டூல்களோடு கலக்காதீர்கள். எம்சிபியில் ஒரு டூல் படிக்க மட்டுமா, எதையாவது அழிக்குமா என்று குறிக்கத் தனி இடம் உண்டு. ஆனால் அவை வெறும் குறிப்புகள், பூட்டு ஆகாது. அனுமதியைச் சர்வரில்தான் சரிபார்க்க வேண்டும்.

"30 நிமிடம் தண்ணீர் விடு" என்று இரண்டு முறை கூப்பிட்டால் 60 நிமிடம் ஓடுமா, 30 நிமிடம்தானா? இணைப்பு அறுந்தால் ஏஜென்ட் திரும்ப முயலும் என்பதால் இதற்கு விளக்கத்தில் பதில் இருந்தே ஆக வேண்டும். அதிகபட்ச நேரம் எவ்வளவு, மனிதர் ஒப்புதல் எப்போது வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விளைச்சல் கணக்கும் வயல் எல்லையும் விவசாயியின் சொந்தத் தகவல். எந்த டூல் யாருக்கு எதைக் காட்டும் என்று அவரே படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பக்கம் தனியாக வையுங்கள்.

படி 6: பிழைச் செய்தி

"தவறான உள்ளீடு" என்றால் ஏஜென்ட் அங்கேயே நின்றுவிடும். "7 என்ற எண்ணில் வயல் இல்லை, சரியான எண்ணை வயல்_பட்டியல் டூலில் பார்க்கவும்" என்றால் அடுத்து என்ன செய்வது என்று அதற்குத் தெரியும்.

படி 7: சோதியுங்கள்

படி 1-இல் எழுதிய கேள்விகளை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பதிலை மட்டும் பார்க்காமல், எந்த டூலை என்ன உள்ளீட்டோடு கூப்பிட்டது என்று பாருங்கள். தவறான டூலை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள் ஒன்று போல இருக்கும். அவற்றைத் திருத்திவிட்டு மறுபடி கேளுங்கள். ஒரு சென்சாரை வேண்டுமென்றே நிறுத்திவைத்தும் கேட்டுப் பாருங்கள். அப்புறம், நிரலில் அலகை மாற்றிச் சேமிக்கும் அதே கமிட்டிலேயே (நிரல் மாற்றப் பதிவு) விளக்கத்தையும் மாற்றிவிடுங்கள்.