பழைய யெஸ்டியைப் பிரிக்கும் முன்: முதல் வாரத்தில் நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் பெரியப்பா வேலை பார்த்த எஸ்டேட்டில், காப்பி மூட்டை அடுக்கும் குடோனின் மூலையில் ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிள் 18 வருஷம் நின்றது. மேலே சாக்கு, கீழே ஈர மண் தரை. அதை டெம்போவில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே கிக்கரை உதைத்தேன். நான் செய்த முதல் தவறு அதுதான். பிறகு சொந்தக்காரர், நண்பர் என்று இன்னும் நான்கு பழைய வண்டிகளை வீட்டிலேயே பிரித்துக் கோத்திருக்கிறேன். ஐந்திலும் கண்டது ஒன்றுதான். மழையும் பனியும் வருஷக்கணக்கில் செய்ததைவிட, ஆசையும் அவசரமும் சேர்ந்து முதல் ஒரு வாரத்தில் செய்யும் சேதம் பெரியது. இந்த வண்டிகளைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. உங்கள் கையில் உடையும் ஒவ்வொரு சாமானும் அந்த அளவுக்கு அருமையானது.

கிக்கரை ஏன் உதைக்கக் கூடாது? டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் பேரிங்குக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் அதற்கு உயிர். வண்டி நின்றதும் அந்த ஈரம் காய்ந்து பிசினாகிறது. ஏற்காட்டுப் பனிக்காற்று சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் உள்ளே புகுந்து தங்குகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டர் சுவரோடு பிடித்துக்கொள்கிறது, பேரிங் குண்டுகளில் துரு புள்ளி புள்ளியாகப் பூக்கிறது. இந்த நிலையில் உதைத்தால் ரிங் முறிந்து சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளையின் விளிம்பில் மாட்டும், சிலிண்டரின் உட்சுவரில் நீளக் கீறல் விழும். என் வண்டியில் இரண்டும் நடந்தன.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) டீசலும் சரிபாதி கலந்து அரை டீ கிளாஸ் ஊற்றி, ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு ஒரு வாரம் வண்டிப் பக்கமே போகாதீர்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். நூல் அளவு அசைந்தாலே போதும், மறுபடியும் ஊற்றிவிட்டு இன்னும் இரண்டு நாள் விடுங்கள். சுத்தியலால் பிஸ்டன் தலையில் தட்டும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்கவே வேண்டாம்.

சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும். அப்போதும் பொறுக்க வேண்டும். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள் இத்தனை வருஷத்தில் கல்லாக இறுகியிருக்கும். அந்த இடுக்கில் காற்று உள்ளே இழுபட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவு மீறிச் சூடாகும், பிஸ்டன் ஜாம் ஆகும். சீலின் விலை அதிகமில்லை. பழசு பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பிரிக்கும்போது போட்டோ எடுக்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. கியர் பாக்ஸைத் திறந்தபோது ஒரு ஷாஃப்ட் முனையில் மெல்லிய வாஷர் ஒன்று இருந்திருக்கிறது, அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாதது. எண்ணெய்ப் பசையில் கேஸிங்கோடு ஒட்டிக்கொண்டு போய், கழுவிய டீசலோடு காணாமல் போனது. எனக்குத் தெரியவே இல்லை. எல்லாம் பூட்டிய பிறகு மூன்றாவது கியர் நிற்காமல் நழுவியது. திரும்ப முழுசாகப் பிரித்து, லேத்தில் அதே தடிப்புக்கு ஒரு வாஷர் கடைந்து போட ஒரு மாதம் ஆனது. இப்போது முட்டை ட்ரேக்களில் கழற்றிய வரிசைப்படியே வைத்து, ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதுகிறேன். கேஸிங் ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டால் உளியை எடுக்காதீர்கள். சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் சூடும் கொடுத்தால் வந்துவிடும்.

போரிங் போடுவதிலும், அதாவது தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்குவதிலும், நான் முந்திக்கொண்டேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குச் சிலிண்டர் பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

“பிஸ்டன் எங்க கண்ணு?”

“போரிங் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்னு இருக்கேங்க மாஸ்டர்.”

“எந்த அளவ வச்சு நான் கடையறது? நான் கடைஞ்ச சைஸு உனக்குக் கிடைக்கலன்னா இந்தப் பிளாக்க என்ன பண்ணுவ? பிஸ்டனும் ரிங்கும் கைக்கு வரட்டும், அப்புறம் வா.”

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் குறிப்பிட்ட படிகளில்தான் வருகின்றன, எல்லாப் படியும் எல்லா நேரத்திலும் கடையில் இருக்காது. பிஸ்டன் கையில் இருந்தால்தான் அதை அளந்து அதற்குரிய இடைவெளி விட்டுக் கடைய முடியும். அந்த மாஸ்டர் அன்று என்னைத் திருப்பி அனுப்பியதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பிஸ்டனை இறக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் காடியில் இருக்கும் சிறு முளையில் சரியாக உட்கார வேண்டும். முளை மேல் ஏறி நின்றால் அழுத்தும்போதே ரிங் உடையும்.

பெயின்ட் கடைசி வேலை. ஆனால் பெரும்பாலானவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். முழு வண்டியையும் பெயின்ட் இல்லாமல் ஒருமுறை பூட்டி, ஓட்டி, பிழையெல்லாம் தீர்த்துவிட்டுப் பிரித்து அப்புறம் அடியுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் மேல் ஸ்பேனர் வழுக்கும்.

இதில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் கிரைண்டர் ஓட்டுவது, அல்லது கெட்டியாகப் பவுடர் கோட்டிங் அடித்து மூடுவது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். எழுத்து விழவில்லையென்றால் அசல் வண்டியே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். அந்த இடத்தைக் கையாலேயே துரு நீக்கி, டேப் ஒட்டி மறைத்துக் கோட்டிங்குக்குக் கொடுங்கள். எர்த் வயர் உட்காரும் இடம், மரை, பேரிங் உட்காரும் வளையம் இவற்றையும் அப்படியே மறைக்க வேண்டும்.

காகிதம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. (பதிவுச் சான்று) இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் பெயர் மாற்றுங்கள். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. சேஸிஸும் பாடியும் எஞ்சினும் அசல் உருவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் கழற்றிய பழைய சாமானைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடைந்ததாக இருந்தாலும் அளவெடுக்க அசல் வேண்டும்.

டேங்க் விஷயத்தில் உயிர்ப் பயம் வேண்டும். காலி டேங்கில் பெட்ரோல் வாசனை இருக்கும்வரை அது வெடிகுண்டுதான். பொத்தல் அடைக்க வெல்டிங் கடைக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்து, அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். உள்துருவுக்குச் சிட்ரிக் அமிலம் போதும், ஊறவைத்துவிட்டு மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பிறகு சோடா உப்புக் கரைசலில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். வெளியே குரோம் பட்டை இருந்தால் அதில் உப்புத்தாள் படவே கூடாது, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே மேல்துரு போகும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் டியூபை மாற்றிவிட்டு, வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ஆறு வோல்ட் வண்டியில் விளக்கு மங்கல் என்று 12 வோல்ட் பேட்டரி வைத்தால் பல்பும் காயிலும் போகும். முதலில் எர்த்தைச் சுத்தம் செய்து பாருங்கள். பட்டன் (டயரின் மேல் வெட்டு) தேயாமல் இருக்கிறதே என்று பழைய டயரில் ஓட்டக் கூடாது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், மீன் பிடிக்கும் நைலான் நரம்பு விடுங்கள். நம்ம ஊருக்கென்றே ஒரு தவறும் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஏற்காட்டில் வைத்துச் சரியாக டியூன் செய்த வண்டி, கீழே வந்ததும் பெட்ரோல் பற்றாமல் ஓடும், சூடேறும். டியூனிங்கைச் சேலத்திலேயே முடியுங்கள். மேலே போனால் கொஞ்சம் புகை அதிகமாக வரும், அதனால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை.

பெட்ரோலில் எண்ணெய் என்ன விகிதம் என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். 25-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. பாதுகாப்புக்காகக் கூட ஊற்றுவதும் தவறுதான். எண்ணெய் கூடினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், சைலன்சரில் கரியும் அடையும்.

மலை இறக்கம்தான் டூ ஸ்ட்ரோக்குக்குச் சோதனை. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு கியரிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் போகாததால் எண்ணெயும் போகாது. இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். புது பிரேக் ஷூ போட்டிருந்தால் முதல் 200 கிலோமீட்டரை ஓமலூர், அயோத்தியாப்பட்டணம் மாதிரிச் சமதரையில் ஓட்டுங்கள். ஷூ டிரம்மில் முழுசாக உட்காராமல் மலை இறங்கினால் பிரேக் பிடிக்காது.

பலர் அடிவாரம் வந்ததும் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தை வைத்துக் காற்று-பெட்ரோல் கலவை சரியா என்று பார்க்கிறார்கள். அது பொய் சொல்லும், இறக்கம் முழுக்க எஞ்சின் பாரமே இழுக்கவில்லையே. ஏறும்போது எஞ்சின் நன்றாக இழுத்துக்கொண்டிருக்கையில் இக்னிஷனை அணைத்து, கிளட்சைப் பிடித்து, அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டிக் கழற்றுங்கள். பிளக் முனையில் வறுத்த காப்பிக்கொட்டை நிறம் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.